சரிவில் நின்ற கேரவனும் குளிராத பெட்டியும்

ஜூன் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் கெயின்ஸுக்குப் பறந்து, வாடகைக் கேரவனில் அதர்டன் மேட்டுநிலத்தின் மில்லா மில்லா, ஸில்லி, எலிஞ்சா அருவிகளைச் சுற்றிவந்தோம். இரண்டாம் நாள் காலையில் தயிர் புளித்துப் பொங்கியிருந்தது. எரிவாயுவில் இயங்கும் குளிர்பெட்டி, சுடர் எரிந்துகொண்டிருந்தும் குளிரவில்லை. பெட்டியே பழுது என்று அண்ணன் சாதித்தார். எனக்கோ, முந்தைய இரவு மேசையிலிருந்து தானாக உருண்டோடிய தக்காளி நினைவுக்கு வந்தது. இவ்வகைப் பெட்டியில் கம்ப்ரசர் கிடையாது. அம்மோனியாக் கரைசல் புவியீர்ப்பால் இறங்கிச் சுழல வேண்டியிருப்பதால், வண்டி சாய்ந்து நின்றால் அந்தச் சுழற்சி தடைப்படும். சுடரை அணைத்துவிட்டு, தட்டில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்து, அது இடப்பக்கம் ஒதுங்குவதைக் கண்டு, அப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னால் சாய்வுக் கட்டைகளை வைத்து வண்டியை மெல்ல அவற்றின்மேல் ஏற்றினேன். சில மணி நேரம் ஆறவிட்டு மீண்டும் மூட்டியதில், இரவுக்குள் பால் சில்லிட்டது. தயிரை அண்ணி மோர்க்குழம்பாக்கிவிட்டார்.