மார்கழியில் பூக்க வேண்டும்: வீட்டில் பச்சைப் பட்டாணி

பட்டாணிக்கு முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டி. 13 முதல் 18 டிகிரி வரையுள்ள குளிர்தான் இந்தச் செடிக்குப் பிடித்தமானது. பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும். தப்பிய பூவும் இரண்டு மூன்று மணி மட்டும் உள்ள சொத்தைக் காயாகவே முடியும். எவ்வளவு உரம் போட்டாலும் இது மாறாது. ஆகவே பூக்கும் நாள் குளிரில் விழும்படி பின்னோக்கி எண்ணி விதைப்பு நாளைக் குறிக்க வேண்டும்.

குட்டை ரகங்கள் விதைத்து 35 முதல் 40 நாளில் பூக்கும். சமவெளியில் இரவு நன்றாகக் குளிர்வது மார்கழியில். அப்படியென்றால் விதைப்பு ஐப்பசிக் கடைசியிலோ கார்த்திகை தொடக்கத்திலோ, அதாவது நவம்பர் 5 முதல் 20க்குள் முடிய வேண்டும். அதற்கு முன்னால் போட்டால் பருவமழையில் விதை அழுகும். டிசம்பர் பாதிக்கு மேல் போட்டால் மணி பிடிக்கும் நேரத்தில் மாசி வெயில் வந்துவிடும். ஓசூர், தளி, கோவைப் பக்கம் இந்தக் கணக்கை நம்பி இறங்கலாம். உதகை, குன்னூர், கொடைக்கானலில் பிப்ரவரி–மார்ச், அக்டோபர்–நவம்பர் என்று இரண்டு போகம் உண்டு. உறைபனி விழும் பள்ளங்களில் பிப்ரவரி விதைப்புதான் நிம்மதி. செடி குளிரைத் தாங்கும், பூவும் பிஞ்சும் உறைபனியைத் தாங்காது. சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோர ஊர்களில் காய்க்காக இதை வளர்க்கச் சொல்ல மனம் வரவில்லை. அங்கே இருப்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறோம்.

விதை

மளிகைக் கடையில் வாங்கும் காய்ந்த பட்டாணி முளைக்கும். ஆனால் அது பருப்புக்காக விளைவிக்கப்படும் உருண்டை ரகம். கொடி நீளும், காய்க்க நாளாகும், மணி மாவாக இருக்கும். சந்தையில் வாங்கிய பச்சைக் காயை உரித்துப் போட்டால் பெரும்பாலும் முளைக்காது. அது இன்னும் முதிராத மணி. விதைக் கடையில் தோட்டப் பட்டாணி என்று கேட்டு வாங்குங்கள். முதல் முறைக்கு அர்கெல் நல்ல ரகம்: ஒன்றரை முதல் இரண்டடி உயரம், 60 நாள் வாக்கில் முதல் பறிப்பு. போனவில்லி இனிப்பானது, ஆனால் 85 நாள் எடுக்கும் என்பதால் குளிர் நீண்டிருக்கும் ஊருக்கே சரி. சாம்பல் நோய் அதிகம் தாக்கும் இடமென்றால் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா அஜித் அந்த நோயைத் தாங்கும்.

அர்கெல் விதை சுருங்கிப்போய் இருப்பதைப் பார்த்துப் பழைய விதை என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். சர்க்கரையை மாவாக மாற்றும் நொதிகளில் ஒன்று அந்த ரகத்தில் வேலை செய்வதில்லை. அதனால் மணியில் சர்க்கரையும் நீரும் கூடுதலாகத் தங்குகின்றன, காயும்போது தோல் சுருங்குகிறது. பட்டாணியை வைத்து மரபியல் விதிகளைக் கண்டறிந்த மெண்டல் 1866இல் எழுதிய உருண்டை, சுருக்கம் என்ற வேறுபாடு இதுவேதான். இனிப்பு வேண்டுமென்றால் சுருக்க விதைதான். ஈரம் மிஞ்சினால் அழுகுவதிலும் அதுவே முந்தும்.

விதை இளஞ்சிவப்பாக இருந்தால் பூஞ்சண மருந்து பூசியிருக்கிறார்கள் என்று பொருள். கையைக் கழுவுங்கள், மீந்த விதையைச் சமைக்காதீர்கள்.

மண்

செம்மண் 2 பங்கு, தென்னை நார்க்கழிவு 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. 12 அங்குலச் செடி வளர்ப்புப் பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு, அரைக் கைப்பிடி அடுப்புச் சாம்பல். கோழி எருவும் யூரியாவும் வேண்டாம். தழைச்சத்து மிஞ்சினால் செடி கரும்பச்சையாகக் கொழுத்து நிற்கும், பூ வராது. நீலகிரி மண் புளிப்பு மிகுந்தது. அங்கே விதைக்க மூன்று வாரம் முன்பே சதுர அடிக்கு 20 கிராம் விவசாயச் சுண்ணாம்பு கலந்து ஆறப்போட வேண்டும், இல்லாவிட்டால் வேர் முடிச்சு பிடிக்காது.

அந்த முடிச்சுதான் பட்டாணியின் சொந்த உரத் தொழிற்சாலை: அதில் வாழும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தருகிறது. மருந்து பூசாத விதையென்றால் 50 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி ரைசோபியம், ஆறிய அரிசிக் கஞ்சி கொஞ்சம் விட்டுப் பிசிறி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி விதைக்கலாம். வேர்க்கடலைக்கு உரிய ரைசோபியம் இதற்குப் பயன்படாது. பட்டாணிக்கானது என்று கேட்டு வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து ஒரு செடியைப் பிடுங்கி, வேரிலுள்ள முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வாரம் ஒரு முறை லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து வேருக்கு ஊற்றுங்கள்.

விதைப்பு

விதையை 6 மணி நேரம் ஊற வைத்தால் போதும். கொண்டைக்கடலைக்குச் செய்வதுபோல இரவெல்லாம் ஊறவிட்டு மறந்துவிட்டால், மூச்சில்லாமல் வெடித்து அழுகும். வீக்கம் தெரிந்ததும் வடித்து, ஈரத் துணியில் ஒரு நாள் முடிந்து வையுங்கள். முளை எட்டிப் பார்த்ததை மட்டும் எடுத்து ஒன்றரை அங்குல ஆழத்தில் வையுங்கள். 12 அங்குலப் பையில் ஓரத்தையொட்டி வட்டமாக 8 விதை. தரையிலென்றால் விதைக்கு விதை 10 செ.மீ., வரிசைக்கு வரிசை 45 செ.மீ. நாற்று விட்டுப் பிடுங்கி நட வேண்டாம். வேர் அலைச்சலை இது விரும்பாது.

விதைத்த அன்று நன்றாக நனைத்துவிட்டு, முளை தெரியும்வரை மேல்மண் காய்ந்தால் மட்டும் பூவாளியில் தெளியுங்கள். முளைக்காத விதைகளில் பாதிக்கு மேல் தினமும் தண்ணீர் ஊற்றிக் கொன்றவையாகத்தான் இருக்கும். பத்து நாளாகியும் தலை காட்டாத இடத்தைத் தோண்டிப் பாருங்கள்: கொழகொழவென்று இருந்தால் தண்ணீர், விதையே இல்லையென்றால் எலியோ அணிலோ. மைனாவும் புறாவும் தளிரைக் கிள்ளிப் போட்டாலும் உடனே பிடுங்கி எறியாதீர்கள். பட்டாணியின் பருப்பு மண்ணுக்குள்ளேயே தங்குவதால் கீழ்க்கணுவிலிருந்து மறுபடி துளிர்க்கும். முதல் மூன்று வாரம் கொசுவலைத் துணி போட்டு மூடினால் இந்தத் தொல்லையே இல்லை.

குட்டை ரகத்துக்குப் பந்தல் தேவையில்லை என்று பாக்கெட்டில் போட்டிருப்பார்கள். சாய்ந்து தரையில் கிடக்கும் காய் அழுகும், ஆகவே கொழுகொம்பு வையுங்கள். பற்றுக்கம்பி மெல்லியதைத்தான் சுற்றும். மூங்கில் கழியை நட்டால் தடவிப் பார்த்துவிட்டு வழுக்கி விழும். கிளை கிளையாகப் பிரிந்த காய்ந்த விளார், மாதுளை, கொய்யாக் கவாத்துக் குச்சி, இல்லையென்றால் கழிகளுக்கு நடுவே அரை அடிக்கு ஒரு சணல் கயிறு. விதைக்கும் அன்றே நட்டுவிடுங்கள், பிறகு குத்தினால் வேர் அறுபடும்.

வளர்ந்த பின்

முளைத்தபின் இரண்டு நாளுக்கு ஒரு தண்ணீர். பூ வந்தது முதல் மணி நிரம்பும் வரை மட்டும் மண் காயவே கூடாது, அந்த மூன்று வாரத்தில் ஒரு நாள் வாடினாலும் பிஞ்சு கொட்டும். தேனீ வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், மொட்டு விரியும் முன்பே தன் மகரந்தத்தால் தானே சூல்கொண்டுவிடும்.

பகல் வெயிலும் இரவுப் பனியும் சேர்ந்த மார்கழியில் சாம்பல் நோய் வரும். அடி இலையில் மாவு தூவியதுபோல ஒரு திட்டு. விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு வரும். அன்றே அந்த இலைகளைக் கிள்ளிவிட்டு, நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து மாலையில் தெளியுங்கள். வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் தெளித்தால் இலை கருகும். நுனித் தளிரில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி கூடினால் தண்ணீரைப் பீய்ச்சி உதிர்த்து, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து அடிக்கலாம். இலையில் வெள்ளைக் கோடு நெளிந்தால் உள்ளே புழு துளைக்கிறது. இலையை நசுக்கிவிட்டால் போதும். செடி அடியிலிருந்து மஞ்சளாகித் தண்ணீர் இருந்தும் வாடினால் அது வாடல் நோய், மருந்து தேடாதீர்கள். செடியை மண்ணோடு அப்புறப்படுத்தி, மூன்று ஆண்டுக்கு அந்த இடத்தில் பட்டாணி போடாமல் இருங்கள்.

பூத்து 18 முதல் 20 நாளில் காய் நிரம்பும். தட்டையாக இருந்தது உருண்டு, தோல் பளபளப்பாக, அழுத்தினால் மணி தட்டுப்பட வேண்டும். தோல் மங்கி நரம்பு தெரிந்தால் முற்றல். ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பறியுங்கள். இழுத்தால் கொடியே வந்துவிடும். மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டாயம் பறிக்க வேண்டும், முற்றிய காய் செடியில் நின்றால் பூப்பது நின்றுபோகும். ஐந்து பையில் 40 செடி வைத்தால் சமவெளியில் மொத்தம் ஒரு கிலோ காயை ஒட்டி வரும், உரித்தால் 400 கிராம் சுற்றி மணி. பறித்த நேரம் முதலே சர்க்கரை மாவாக மாறத் தொடங்குகிறது. காலையில் பறித்ததை மதியமே குருமாவில் போடுங்கள்.

விதைக்கு மூன்று நல்ல செடிகளைத் தொடாமல் விட்டு, காய் நெற்றாகிக் குலுக்கினால் சலசலக்கும்போது எடுங்கள். சாம்பல் கலந்து காற்றுப் புகாத பாட்டிலில் வைத்தால் அடுத்த ஐப்பசிக்கு ஆகும். பறிப்பு முடிந்த செடியைத் தரையோடு அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டுவிட்டுக் கீரை விதையுங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்கள் பட்டாணித் தளிர் வளர்க்கலாம். இதற்கு மளிகைக் கடைப் பட்டாணியே போதும். 8 மணி நேரம் ஊறவைத்து, இரண்டு அங்குல நார்க்கழிவு நிரப்பிய தட்டில் ஒன்றையொன்று தொடும்படி பரப்பி, மேலே மெல்லிதாக நார்க்கழிவு தூவி மூடி, காலை வெயில் படும் சன்னலில் வையுங்கள். 12 முதல் 14 நாளில் அரையடி உயரம் வரும். அடி இலைக்கு மேலே வெட்டினால் இன்னொரு முறையும் துளிர்க்கும். பூண்டும் காய்ந்த மிளகாயும் தாளித்து, இரண்டு நிமிடம் வதக்கினால் வெந்துவிடும்.