‘ஜப்பானியர்களில் இத்தனை சதவீதம் பேர்…’ என்று தொடங்கும் செய்திகளைப் படிக்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

ஜப்பானிய நுகர்வோர் ஆய்வறிக்கைகளைப் படித்து, சாரத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுப்பது பல வருஷமாக என் வேலை. இந்த வேலையில் நானே செய்து, திட்டு வாங்கி, பிறகு திருந்திய தவறுகள்தான் கீழே இருப்பவை. ஜப்பானைப் பற்றி யூடியூபில் பேசுகிறவர்களும், அங்கே ஏதாவது விற்கலாமா என்று யோசிக்கிறவர்களும் இதே பள்ளங்களில் விழுவதைப் பார்க்கிறேன்.

முதல் பள்ளத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜப்பான் அமைச்சரவை அலுவலகம், மக்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று ஒரு பெரிய கருத்துக் கணிப்பைப் பல பத்தாண்டுகளாக நடத்தி வருகிறது. 2019-ல் இப்போதைய வாழ்க்கையில் நிறைவு என்றவர்கள் ஏறக்குறைய 74 சதவீதம். 2020-ல் கொரோனாவால் கணிப்பே நடக்கவில்லை. 2021-ல் அதே கேள்விக்கு நிறைவு என்றவர்கள் சுமார் 55 சதவீதம். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டால் கோடு மலை உச்சியிலிருந்து உருண்டு விழுந்தது போல இருக்கும். ‘ஒரே பெருந்தொற்றில் உடைந்துபோன ஜப்பானிய மனம்’ என்று தலைப்பும் தயார். நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.

திருத்தியவர் ஒரு ஜப்பானிய அம்மாள், எங்கள் அலுவலகத்தில் மூத்தவர். “கடைசிப் பக்கத்தைப் பார்த்தீர்களா?” என்று மட்டும் கேட்டார். ஆய்வு நடந்த விதம் அந்தப் பக்கத்தில் இருந்தது. 2019 வரை கணிப்பாளர் வீட்டுக்கு நேரில் வந்து கேட்டார். 2021-லிருந்து கேள்வித்தாள் தபாலில் வருகிறது.

இந்த வித்தியாசத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜப்பானிய வீடுகளில் வாசலை ஒட்டிச் செருப்பைக் கழற்றுகிற இடத்துக்கு கென்கான் என்று பெயர். அங்கே முன்பின் தெரியாத ஒருவர் கோப்போடு நிற்கிறார், விடைகள் அச்சிட்ட அட்டையை நீட்டுகிறார், “உங்கள் வாழ்க்கையில் நிறைவா?” என்கிறார். அவரிடம் போய் “இல்லைங்க, ரொம்பக் கஷ்டம்” என்று எத்தனை பேர் சொல்வார்கள்? மனதுக்குள் இருப்பதற்கு ஹொன்னே, வெளியே காட்டுவதற்கு தாதேமாயே என்று இரண்டு தனிச் சொற்கள் வைத்திருக்கிற சமூகம் அது. அதே ஆள் ராத்திரி சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்து பேனாவால் கட்டத்தை நிரப்பும்போது கை வேறு கட்டத்துக்குப் போகிறது. தொற்றும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் தொற்று தணிந்த பிறகும் அந்த எண் 70-களுக்குத் திரும்பவில்லை. 50-ஐ ஒட்டியே நிற்கிறது. முறை மாறினால் பழைய எண்ணோடு நேரடியாக ஒப்பிட முடியாது என்பது கணிப்புத் துறையின் அரிச்சுவடி. அதைத் தாண்டித்தான் தலைப்புகள் பிறக்கின்றன.

இன்னொன்று. அந்த 74 சதவீதமும் நிறைவில் திளைத்தவர்கள் இல்லை. விடைகளில் ‘நிறைவு’ என்று ஒன்று, ‘மாஅ நிறைவு’ என்று இன்னொன்று. பெரும்பங்கு இரண்டாவதுக்குத்தான் போனது. ‘மாஅ’ என்பதை ஆங்கில அறிக்கைகளில் மொழிபெயர்க்கத் திண்டாடுவார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. சாப்பாடு எப்படி என்று கேட்டால் “பரவாயில்ல” என்கிறோமே, அதுதான். அந்தப் பரவாயில்லையை ‘மகிழ்ச்சி’ என்று மொழிபெயர்த்து, நிறைவோடு கூட்டி, ஒரே பட்டையாகப் படம் போடுவது இரண்டாவது தவறு. கூட்டுவதற்கு முன்பு தனித்தனியாக ஒரு முறை பாருங்கள்.

நடுவில் இருக்கும் கட்டம்

ஜப்பானியக் கேள்வித்தாளில் ‘தொச்சிரா தோமோ இயெனாய்’ என்று ஒரு விடை வந்துகொண்டே இருக்கும். இப்படியும் சொல்ல முடியாது, அப்படியும் சொல்ல முடியாது என்று அர்த்தம். ஐந்து விடைகளில் நடு விடை. ஓரத்து விடைகளைத் தவிர்த்து நடுவை ஒட்டி நிற்கிற வழக்கம் ஜப்பானியர்களிடம் அதிகம் என்பதைப் பல நாடுகளை ஒப்பிட்ட ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதனால் ‘இந்தப் பொருள் மிகவும் பிடித்திருக்கிறது’ என்பதற்கு இந்தியாவில் கிடைத்த சதவீதத்தையும் ஜப்பானில் கிடைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜப்பானில் இது எடுபடாது என்று முடிவு கட்டாதீர்கள். ஜப்பானுக்குள்ளேயே இன்னொரு பொருளுக்குக் கிடைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.

நடு விடையின் மிகப் பிரபலமான பிள்ளை, ‘பத்துக் கோடி பேரும் நடுத்தர வர்க்கம்’ என்கிற முழக்கம். 1967-ல் ஜப்பானின் மக்கள்தொகை பத்துக் கோடியைத் தாண்டியது. எழுபதுகளில் மேலே சொன்ன அதே கணிப்பில் சுமார் 90 சதவீதம் பேர் தங்களை நடுத்தரம் என்றார்கள். ஏற்றத்தாழ்வே இல்லாத அதிசய நாடு என்று உலகம் வியந்தது. கேள்வித்தாளில் இருந்த விடைகள் இவை: மேல், நடுவில் மேல், நடுவில் நடு, நடுவில் கீழ், கீழ். ஐந்தில் மூன்றின் பெயரிலேயே ‘நடு’ இருக்கிறது! தன்னை ‘மேல்’ என்று சொல்லிக்கொள்ளக் கூச்சம், ‘கீழ்’ என்று ஒத்துக்கொள்ள மனமில்லை. மிச்சம் மூன்று. தொண்ணூறு வராமல் என்ன வரும்? பொருளாதாரம் தேங்கிக் கிடந்த பத்தாண்டுகளிலும் இந்தத் தொண்ணூறு பெரிதாக அசையவில்லை என்பதிலிருந்தே, அது வருமானத்தை அளக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் நுகர்வோர் மனப்பான்மைக் குறியீடு. மாதாமாதம் வரும். வாழ்க்கை நிலை, வருமானம், வேலைவாய்ப்பு, பெரிய பொருள் வாங்க இது நல்ல நேரமா என நான்கு கேள்வி. எல்லாரும் ‘மாற்றமில்லை’ என்றால் 50. குறியீடு 36 அல்லது 37 என்று வந்தால் ‘ஜப்பானிய நுகர்வோர் அவநம்பிக்கையில்’ என்று எழுதிவிடுகிறார்கள். 50-க்குக் கீழே இருப்பது இந்தக் குறியீட்டுக்குப் பல பத்தாண்டுகளாகப் பழகிப்போன இடம். 2020 ஏப்ரலில் 21-க்குப் பக்கத்தில் விழுந்ததே, அது செய்தி. போன மாதத்தைவிட ஏறியதா இறங்கியதா என்பதைப் பார்த்தால் போதும்.

விலைவாசி எவ்வளவு ஏறியது? “பத்து”

நாட்டின் மத்திய வங்கியான ஜப்பான் வங்கி மூன்று மாதத்துக்கு ஒரு முறை பொதுமக்களிடம் கேட்கிறது: ஒரு வருஷத்துக்கு முன்பு இருந்ததைவிட விலைவாசி எத்தனை சதவீதம் ஏறியிருப்பதாக உணர்கிறீர்கள்? 2024-ல் வந்த விடைகளின் சராசரி 14-லிருந்து 17 வரை. அரசின் நுகர்வோர் விலைக் குறியீடோ அந்த வருஷம் முழுவதும் சேர்த்து 3 சதவீதம்கூட ஏறவில்லை. உடனே இரண்டு விதமான தவறு நடக்கும். ஒரு கூட்டம் ‘அரசு பொய் சொல்கிறது’ என்னும். மறு கூட்டம் ‘மக்களுக்குக் கணக்குத் தெரியாது’ என்னும்.

எல்லா விடைகளையும் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்கும் விடை, இடைநிலை, அந்த வருஷம் முழுக்கக் கச்சிதமாக 10. பின்னத்துக்குக்கூட நகரவில்லை. ஏனென்றால் மனிதர்கள் 8.3 என்று எழுதுவதில்லை. 5, 10, 20, 30 என்றுதான் எழுதுகிறார்கள். ‘நன்றாக ஏறியிருக்கிறது’ என்கிற உணர்ச்சிக்கு ‘பத்து’ என்று எண்ணுருவம். சிலர் 50, 100 என்று போட, சராசரி மட்டும் மேலே இழுபடுகிறது.

அதற்காக அந்த உணர்ச்சி பொய்யும் அல்ல. விலைக் குறியீட்டில் வீட்டு வாடகையும் இருக்கிறது, எப்போதாவது வாங்கும் டிவியும் இருக்கிறது. மனதில் நிற்பது வாரத்துக்கு இரண்டு முறை எடுக்கும் முட்டை, பால், அரிசி. 2024 கோடையில் கடைகளில் அரிசி அலமாரி காலியானதும், 2,000 யெனுக்குக் கிடைத்த ஐந்து கிலோ மூட்டை அடுத்த வருஷ வசந்தத்தில் 4,000 யெனைத் தாண்டியதும், குறியீட்டில் ஒரு சின்னப் புள்ளி. சமையலறையில் அதுதான் விலைவாசி. இந்தக் கேள்வியை விலையை அளக்கப் பயன்படுத்தினால் தவறு. அடுத்த மாதம் மக்கள் எதைக் குறைத்துக்கொள்வார்கள் என்று ஊகிக்கப் பயன்படுத்தினால் பொன்.

சராசரியை நம்பி ஏமாறும் இன்னொரு இடம் சேமிப்பு. 2023 கணக்குப்படி இரண்டு பேரோ அதற்கு மேலோ உள்ள குடும்பங்களின் சராசரிச் சேமிப்பு 1 கோடியே 90 லட்சம் யென். ‘சேமிப்பில் புலிகள்’ என்று எழுத வசதியான எண். இடைநிலை 1 கோடியே 10 லட்சம்தான். மூன்றில் இரண்டு குடும்பங்கள் சராசரிக்குக் கீழே. இதில் ‘இரண்டு பேரோ அதற்கு மேலோ’ என்ற சொற்களையும் தாண்டிப் போகாதீர்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 38 சதவீதம் வீடுகளில் ஒற்றை ஆள்தான். அவர்கள் யாரும் அந்தச் சராசரிக்குள் இல்லை.

கியோஸா போட்டி

சொல்வதைக் கேட்கும் ஆய்வு வேறு, செய்வதைக் குறிக்கும் ஆய்வு வேறு. இரண்டாவதற்கு ஜப்பானின் குடும்பச் செலவு ஆய்வு நல்ல உதாரணம். ஏறக்குறைய 9,000 குடும்பங்கள் தினமும் என்ன வாங்கினோம், எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதிக் கொடுக்கின்றன. ஒரு குடும்பம் ஆறு மாதம் எழுத வேண்டும். ஒற்றை ஆள் என்றால் மூன்று மாதம். கக்கேய்போ என்னும் வீட்டுக் கணக்கு நோட்டு, 1904-ல் ஹனி மோதோகோ என்னும் பத்திரிகையாளர் பரப்பியதிலிருந்து குடும்பப் பெண்களின் கையில் புழங்கும் நாடு. அதனால் இப்படி ஒரு பொறுமையை எதிர்பார்க்க முடிகிறது.

இந்த ஆய்விலிருந்து வருஷா வருஷம் ஒரு விளையாட்டுச் செய்தி வரும்: கியோஸா அதிகம் வாங்கும் ஊர் எது? (கொழுக்கட்டையை மெலிதாகத் தட்டி ஒரு பக்கம் மட்டும் முறுகலாக வறுத்தால் கியோஸா. உள்ளே பெரும்பாலும் பன்றி இறைச்சியும் முட்டைக்கோஸும்.) உத்ஸுனொமியா ரயில் நிலையத்துக்கு வெளியே கியோஸாத் தோலைப் போர்த்திய கல் தேவதைச் சிலையே உண்டு. அந்த ஊருக்கு எதிராளி ஹமமாத்ஸு. 2021-லும் 2022-லும் மியாஸாகி புகுந்து இருவரையும் ஓரம் கட்டியது. உடனே ‘ஜப்பானிலேயே அதிகமாகக் கியோஸா தின்பவர்கள் மியாஸாகிக்காரர்கள்’ என்று பரவியது.

வாங்கியதைத் தின்றதாகப் படித்தது முதல் பிசகு. இந்தக் கணக்கில் வீட்டுக்கு வாங்கிப் போகும் கியோஸா மட்டும்தான் உண்டு. கடையில் உட்கார்ந்து சாப்பிட்டது வராது, உறைந்த கியோஸாப் பொட்டலமும் வராது. கியோஸாக் கடைகளுக்கே பேர்போன உத்ஸுனொமியாவில் வரிசையில் நின்று தின்னும் தட்டு எதுவும் இதில் சேராது. போட்டியில் இருக்கும் ஊர்கள் என்றால் மாகாணத் தலைநகரங்களும் அரசு அறிவித்த பெருநகரங்களும்தான். ஹமமாத்ஸு 2007-ல் அந்தப் பெருநகரத் தகுதி பெற்ற பிறகே பட்டியலுக்குள் வந்தது. அதற்கு முன்பு அங்கே யாரும் கியோஸா தின்னவில்லை என்றா அர்த்தம்? பட்டியலில் இல்லாத சின்ன ஊர் எதுவும் எத்தனை தின்றாலும் ஜெயிக்க முடியாது.

பாயிண்டுக்காகப் பதில் சொல்கிறவர்கள்

நீங்கள் பார்க்கும் சுவாரஸ்யமான ஜப்பானிய எண்களில் பெரும்பாலானவை அரசுடையவை அல்ல. வேலண்டைன் சாக்லேட்டுக்கு எவ்வளவு செலவு, சம்பளத்தில் அழகுசாதனத்துக்கு எவ்வளவு என்பவையெல்லாம் ஏதோ ஒரு கம்பெனியின் இணையக் கணிப்பு. பதில் சொல்பவர்கள் கணிப்பு நிறுவனத்தில் பதிவு செய்துகொண்டவர்கள். கூலி பாயிண்ட். ஒரு பாயிண்ட் பெரும்பாலும் ஒரு யென். அப்படி ஒரு செயலியில் நானும் சில மாதம் இருந்தேன். ரயிலில் நின்றபடி ஐந்து நிமிஷம் தட்டினால் மூன்று யென். பாதி வழியில் ‘இந்த வரிசையில் இடமிருந்து இரண்டாவது கட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று ஒரு கேள்வி வரும். படிக்காமல் தட்டுகிறோமா என்று பிடிக்க வைத்த பொறி. ஒரு முறை மாட்டிக்கொண்டேன்.

பாயிண்ட் சேர்ப்பதையே ஒரு நடவடிக்கையாக வைத்திருப்பதற்கு ஜப்பானில் பொய்காத்ஸு என்று பெயர். ‘ஜப்பானியர்களில் பெரும்பான்மையினர் பொய்காத்ஸு செய்கிறார்கள்’ என்று ஓர் இணையக் கணிப்பு சொன்னால், பாயிண்டுக்காகப் பதில் சொல்ல வந்தவர்களிடம்தான் அது கேட்கப்பட்டது என்பதை மறக்காதீர்கள். மீன் சந்தையில் நின்று யாரெல்லாம் மீன் சாப்பிடுவீர்கள் என்று கேட்ட கதை.

விளம்பரங்களில் வரும் ‘வாடிக்கையாளர் திருப்தி நம்பர் 1’ இதைவிட மோசம். இதில் சில, பொருளைப் பயன்படுத்தாதவர்களிடம் இணையப் பக்கத்தை மட்டும் காட்டி எது நன்றாகத் தோன்றுகிறது என்று கேட்ட தோற்றக் கணிப்புகள். ஜப்பானின் நுகர்வோர் விவகார முகமை இவற்றின் மேல் நடவடிக்கை எடுத்து, 2024 செப்டம்பரில் தனியாக ஓர் அறிக்கையே வெளியிட்டது. அப்படி ஒரு ‘நம்பர் 1’ உங்கள் கட்டுரைக்குள் வந்தால் எடுத்துவிடுங்கள். மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை.

சொன்னதும் கை போனதும்

சுற்றுச்சூழலில் அக்கறை உண்டா என்று கேட்டால் உண்டு என்றுதான் யாரும் சொல்வார்கள். வீணாக்குவதற்கு மனம் பதறுவதைச் சொல்ல ‘மொத்தாய்நாய்’ என்று ஒரு சொல் அங்கே அன்றாடப் புழக்கத்தில் உண்டு. இருந்தும் கடைகளில் பிளாஸ்டிக் பை தாராளமாகக் கைமாறியது. 2020 ஜூலை 1 முதல் பைக்குக் காசு வாங்குவது கட்டாயமானது. பெரும்பாலும் 3 யென், 5 யென்தான். கடந்த ஒரு வாரத்தில் பையே வாங்கவில்லை என்றவர்கள் அந்த மார்ச்சில் 30 சதவீதம், நவம்பரில் 72 சதவீதம் என்று சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கணிப்பு காட்டியது. அக்கறையால் அசையாதது மூன்று யெனால் அசைந்தது. (இதுவும் இணையக் கணிப்புதான். மேலே நான் சொன்ன குறைகள் இதற்கும் பொருந்தும். ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளி வெறும் கூச்சத்தால் மட்டும் வராது.)

2021 ஜூனில் நுகர்வோர் விவகார முகமையும் வேறு அமைச்சகங்களும் கொன்பினி என்னும் சிறு அங்காடிகளோடு சேர்ந்து ‘தெமாயேதோரி’ இயக்கத்தைத் தொடங்கின. உடனே சாப்பிடப்போகிறீர்கள் என்றால் அலமாரியில் முன்னால் இருப்பதை, அதாவது தேதி சீக்கிரம் முடிவதை, எடுங்கள் என்று வேண்டுகோள். அடுத்த வருஷம் நாட்டில் அதிகம் பேசப்பட்ட முதல் பத்துச் சொற்களில் ஒன்றாக அது தேர்வானது.

அந்தப் பாயிண்ட் செயலியில் ஒரு நாள் எனக்கு இதே கேள்வி வந்தது: முன்னால் இருப்பதை எடுப்பீர்களா? ‘எப்போதும்’ என்று தட்டினேன். அன்று சாயங்காலம் பால் வாங்கப் போனேன். அலமாரி விளிம்பில் தெமாயேதோரி அட்டை ஒட்டியிருந்தது. அட்டைக்கு மேலே கையை நீட்டி, பின்வரிசையில் இரண்டு நாள் பிந்திய தேதி போட்ட பெட்டியை உருவிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் நின்ற அம்மாவும் அதையேதான் செய்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காதது போல நடந்துகொண்டோம்.