கியூபிட்டைச் சூழல் எந்த வழியில் தொடுகிறது என்று கண்டறியும் முறை

வெளியே சிங்கப்பூரின் 31 பாகைப் புழுக்கம். ஆய்வகக் குளிர்கலத்தின் அடித்தட்டிலோ 0.02 கெல்வின். அவ்வளவு குளிரிலும், குவாண்டம் கணினியின் அடிப்படை அலகாகிய கியூபிட்டை, மின்தடையற்ற மீகடத்திச் சுற்றால் ஆனதாயினும், சூழல் சும்மா விடுவதில்லை. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2007இல் குவாண்டம் தொழில்நுட்ப மையம் தொடங்கப்பட்டதிலிருந்து இத்துறையை இங்கேயே பயில வழியுண்டு. அப்படிப் பயில வந்து, முதன்முறையாக அளவீட்டுத் திரையின் முன் அமரும் மாணவருக்காக இதை எழுதுகிறேன்.

சூழல் தரும் இடையூறுகள் எல்லாவற்றையும் ‘இரைச்சல்’ என்று ஒரே பெயரில் அடைத்துவிடாதீர்கள். முதலில் கியூபிட்டைக் கிளர்வு நிலைக்கு ஏற்றி, காத்திருப்பு நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, அது அடிநிலைக்கு இறங்கும் காலத்தை அளவிடுங்கள், இதுவே டி1. அடுத்து அரைத்துடிப்பு (கியூபிட்டை இரு நிலைகளின் சமக் கலவைக்குக் கொண்டுவரும் நுண்ணலைத் துடிப்பு), காத்திருப்பு, மீண்டும் அரைத்துடிப்பு என்னும் ராம்சி முறையில் கட்டம், அதாவது அக்கலவையில் இரு நிலைகளுக்கும் இடையிலான அலை ஒத்திசைவு, சிதையும் காலத்தை அளவிடுங்கள். மூன்றாவதாக, அதே காத்திருப்பின் நடுவில் இரு நிலைகளையும் இடம்மாற்றும் ஒரு முழுத்துடிப்பைச் செலுத்துங்கள். அணுக்கருச் சுழற்சிகளில் எர்வின் ஹான் 1950இல் காட்டிய எதிரொலி முறை இதுதான். மெதுவாக மாறும் இடையூறுகள் முதற்பாதியில் சேர்த்த பிழையை மறுபாதியில் தாமே கழித்துவிடும், வேகமானவை கழியாமல் நிற்கும்.

டி1 50 மைக்ரோவினாடி, எதிரொலிக் காலம் 40, ராம்சிக் காலம் 15 என்று வைத்துக்கொள்வோம். ஆற்றல் இழப்பு மட்டுமே இருந்திருந்தால் கட்டம் டி1இன் இருமடங்காகிய 100 வரை தாங்கியிருக்கும். 1/40இலிருந்து 1/100ஐக் கழித்தால், எதிரொலிக்குப் பிறகும் எஞ்சும் கட்டச்சிதைவின் காலம் ஏறத்தாழ 67 என்று கிடைக்கிறது. ஆனால் நான் முதலில் பார்ப்பது 15க்கும் 40க்கும் உள்ள இடைவெளியையே: அது மெதுவான இடையூறு, பெரும்பாலும் கியூபிட்டின் வளையத்தில் ஊடுருவும் காந்தப்பாயத்தின் தடுமாற்றம். ராம்சி வளைவு தொடக்கத்தில் தட்டையாக நின்று பிறகு சரிந்தால் ஐயம் வலுக்கும். காந்தக் கவசத்தைச் சரிபார்த்து, பாயமாற்றம் அதிர்வெண்ணைக் குறைவாகப் பாதிக்கும் புள்ளிக்குக் கியூபிட்டை நகர்த்துங்கள். ராம்சி, எதிரொலி ஆகிய இரு காலங்களும் நெருங்கியிருந்து, இரண்டுமே டி1இன் இருமடங்கைவிட மிகக் குறைவாக இருந்தால், அளவீட்டு ஒத்திசைவியில் (கியூபிட்டின் நிலையைப் படிக்க அதனுடன் பிணைத்த நுண்ணலைச் சுற்றில்) தங்கிய ஃபோட்டான்களைச் சந்தேகித்து, கம்பிவழிகளில் வரும் இரைச்சலைத் தணிக்கும் வலுக்குறைப்பிகளைக் கூட்டுங்கள். டி1ஏ குறைவென்றால் பரப்புக் குறைபாடுகளோ, ஒத்திசைவியுடனான மிகையான பிணைப்போ காரணமாகலாம். அந்தப் பிணைப்பை அடியோடு அறுக்கவும் முடியாது, கியூபிட்டின் நிலையைப் படிப்பதே அதன் வழியாகத்தான்.

டி1 மணிக்கு மணி மாறக்கூடியது. ஆகவே ஒன்றை இன்றும் மற்றொன்றை நாளையும் அளக்காமல், மூன்று அளவீடுகளையும் மாற்றி மாற்றி ஒரே ஓட்டத்தில் எடுங்கள்.