பத்தலுங்: அல்லி ஏரி, எருமைகள், துளை விழுந்த மலை – முதல்முறை போகிறவர்களுக்கு

தென் தாய்லாந்தில் சோங்க்லா ஏரியை ஒட்டி இருக்கும் சிறிய மாகாணத் தலைநகர் பத்தலுங். ஹாட் யாய் போகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஊரை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஏரியும் பறவையும் பிடிக்கும் என்றால் இங்கே இறங்கித்தான் ஆக வேண்டும். பாஸ்போர்ட், விமான டிக்கெட் போன்றவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நான் ஊருக்குள் வந்த பிறகு செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

தாய்லாந்துக்கு நவம்பர், டிசம்பர்தான் சிறந்தது என்று எங்கும் எழுதியிருப்பார்கள். பாங்காக்குக்கும் வடக்குக்கும் அது சரி. பத்தலுங் தாய்லாந்து வளைகுடாப் பக்கம் இருப்பதால், நம் ஊரை நனைக்கும் அதே வடகிழக்குப் பருவக்காற்று அந்த மாதங்களில் இங்கேயும் கொட்டித் தீர்க்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இங்குள்ள தலே நொய் ஏரியில் செவ்வல்லி பூத்துக் கிடக்கும். வலசை வரும் பறவைகள் மார்ச் வரை இருக்கும். ஏரி நிறைந்திருக்கும்போதுதான் எருமைகள் நீந்தி மேய்வதைப் பார்க்க முடியும். மூன்றுக்கும் சேர்த்து என் தேர்வு பிப்ரவரி.

படி 2: வந்து சேர்வது

பாங்காக்கிலிருந்து தெற்கே போகும் இரவு ரயிலில் படுக்கை போட்டு வாருங்கள். தொலைதூர ரயில்கள் 2023 ஜனவரி முதல் பழைய ஹுவாலம்போங் நிலையத்திலிருந்து கிளம்புவதில்லை. பாங்காக்கின் புதிய குருங் தேப் அபிவத் நிலையத்துக்குப் போக வேண்டும். மலேசியாவிலிருந்து வந்தால் எல்லை ஊரான பாடாங் பெசார், ஹாட் யாய் வழி சுலபம்.

படி 3: எங்கே தங்குவது

இந்தப் படியை நிதானமாகப் படியுங்கள். எனக்குத் தலைவலி கொடுத்தது இதுதான்.

பார்க்க வேண்டிய தலே நொய் ஏரி ஊரிலிருந்து வடகிழக்கே 30 கிலோமீட்டருக்கு மேல். பகலில் சோங்தேவ் ஓடுகிறது. பின்னால் இரண்டு வரிசை இருக்கை போட்ட பிக்கப் வண்டி. ஆனால் அல்லி இரவில் மலரும் பூ. வெயில் ஏற ஏற மூட ஆரம்பித்து, முற்பகலிலேயே கூம்பிவிடும். பறவைகளும் அதிகாலையில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். அந்த நேரத்துக்குள் ஏரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஊருக்குள் வண்டி எதுவும் கிடைக்கவில்லை. பெரிய நகரங்களில் போலச் செயலியில் டாக்ஸி கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றும் இருக்காதீர்கள்.

இதற்கு ஒரே வழி, படுக்கையைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. ரயில் நிலையம் அருகே அறை மலிவாகக் கிடைத்தாலும் முதல் இரவை பாக் ப்ரா கால்வாய்ப் பக்கமோ ஏரிக் கரையிலோ கழியுங்கள். அங்கே வீட்டோடு சேர்ந்த தங்குமிடங்கள் இருக்கின்றன. முன்பதிவு செய்யும்போதே மூன்று விஷயம் கேளுங்கள்: ரயில் நிலையத்திலிருந்து அழைத்துப்போக வண்டி அனுப்புவார்களா, விடியற்காலைப் படகை அவர்களே ஏற்பாடு செய்வார்களா, படகுத்துறை நடக்கும் தூரமா. மூன்றுக்கும் ஆம் என்றால் மற்ற எல்லாம் தானாக நடக்கும்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பதும் நல்லதுதான், அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆனால் சர்வதேச ஓட்டுநர் உரிமத்தில் இருசக்கர வாகனப் பிரிவு சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். கார் பிரிவு மட்டும் இருந்தால் விபத்தின்போது காப்பீடு கைவிட்டுவிடும்.

படி 4: படகு

பிப்ரவரியில் சூரியன் 6.30ஐ ஒட்டி உதிக்கும். அரை மணி முன்பாவது படகில் இருங்கள். கட்டணம் ஆளுக்கு அல்ல, படகுக்கு. தொகையையும் போகும் இடங்களையும் முந்தின மாலையே பேசி முடித்து, தாய் நாணயமான பாட்டை ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பாக் ப்ராவிலிருந்து கிளம்பி தலே நொய் வரை போகும் நீண்ட சுற்றைக் கேளுங்கள். அப்போதுதான் எல்லாம் ஒரே காலையில் முடியும்.

முதலில் வருவது தூக்கு வலைகள். கொச்சியின் சீன வலையைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும்: கம்புகளில் கட்டிய பெரிய வலையை நீருக்குள் இறக்கி, மறுமுனையை அழுத்தி மேலே தூக்குவார்கள். அவற்றுக்குப் பின்னால் சூரியன் எழும் பத்து நிமிடத்துக்காகவே புகைப்படக்காரர்கள் இங்கே குவிகிறார்கள்.

அங்கிருந்து ஏரி. 1975ல் வேட்டை தடை செய்யப்பட்ட பகுதி இது. ஏரியின் குவான் கி சியான் சதுப்பு 1998ல் தாய்லாந்தின் முதல் ராம்சர் தலமானது (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம்). நம் ஏரிகளில் பார்க்கும் நீலத் தாழைக்கோழி, இலைக்கோழி, செந்நாரை, சீழ்க்கைச் சிறகி எல்லாம் இங்கே உண்டு, படகு நெருங்கினாலும் அவ்வளவாகப் பதறுவதில்லை. எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டுங்கள், படகோட்டி புரிந்துகொள்வார். அல்லிக்குள் படகை விடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். விசிறி பட்டால் தண்டு அறுந்துபோகும்.

அப்புறம் எருமைகள். காலையில் தொழுவத்திலிருந்து தாமே நீரில் இறங்கி, தலையை முக்கிப் புல்லைக் கடித்து, மாலையில் தாமே திரும்பும் வளர்ப்பு எருமைகள். இந்த மேய்ச்சல் முறையை ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2022ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபாக அங்கீகரித்தது. தாய்லாந்தில் இப்படி அங்கீகாரம் பெற்ற முதல் இடம் இதுதான். படகில் போக முடியாதவர்கள் ஏரிப் பகுதியைக் கடந்து ரனோட் என்ற ஊர்ப் பக்கம் போகும் சுமார் 5.5 கி.மீ. பாலத்திலிருந்து பார்க்கலாம்.

கருவிகள்: ஆடும் படகில் 10x42 இருநோக்கி பயன்படாது, 8x42 போதும். பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியில் தாய்லாந்துப் பறவைத் தொகுப்பையும், மொழிபெயர்ப்புச் செயலியில் தாய் மொழியையும், வரைபடத்தையும் விடுதி வைஃபையிலேயே இறக்கி வையுங்கள்.

கரையேறியதும் கோரை முடையும் வீடுகளுக்குப் போங்கள். ஏரிக்கரைச் சதுப்பில் வளரும் கிராசூட் என்ற கோரையில் பாயும் பையும் பின்னுகிறார்கள். அவர்களிடமே நேரடியாக வாங்குங்கள்.

படி 5: ஊருக்குத் திரும்பி

ரயில் நிலையத்திலிருந்தே தெரியும் துளை விழுந்த மலை காவ் ஓக் தலு. ஒருவனின் இரு மனைவிகள் சண்டையிட்டு, ஒருத்தி நெஞ்சு துளைபட்டு இந்த மலையானாள், மற்றவள் தலை உடைந்து எதிர் மலையானாள் என்பது ஊர்க் கதை. ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள், செங்குத்து. வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள். மழை பெய்த மறுநாள் ஏறாதீர்கள், சுண்ணாம்புப் பாறை வழுக்கும். கால் வலித்தால் தெற்கே காவ் சைசோன் வெந்நீர் ஊற்று இருக்கிறது.

பின்சேர்க்கை (வாசகர்கள் கேட்டவை)

சைவ உணவு: "கின் ஜே" என்று சொல்லுங்கள். முட்டை, மீன் சாறு மட்டுமல்ல, வெங்காயம் பூண்டும் இருக்காது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடைகளில் கிடைக்கும். ஏரிக்கரைக் கடைகளை நம்பாமல் ஊரிலிருந்தே பழமும் சோறும் எடுத்துப் போங்கள்.

வருகை அட்டை: 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழைய இணையத்தில் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம். முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல.

பினாங்கிலிருந்து ஒருவர் ரயிலைத் தவறவிட்டதாக எழுதியிருந்தார். தாய் நேரம் மலேசிய நேரத்தைவிட ஒரு மணி பின்னால். பாடாங் பெசாரில் ஹாட் யாய் ரயில் நேரம் பார்க்கும்போது அது எந்த நாட்டு நேரம் என்று கவுண்ட்டரில் கேட்டு உறுதி செய்யுங்கள். அந்த ரயில்கள் நாளுக்கு மிகக் குறைவு.