இளையோர் கால்பந்து: ஊரறியச் செய்ய நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுவர்கள் ஆடும் கால்பந்தைப் பார்க்க இங்கே ஆளில்லை என்பது அமைப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். 2017 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தபோது மைதானங்களுக்கு வந்தவர்கள் 13 லட்சத்துக்கும் அதிகம். டெல்லியில் கொலம்பியாவுக்கு எதிராக இந்திய வீரர் ஜீக்சன் சிங் தலையால் முட்டிப் போட்ட கோலுக்கு அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. ஆட்டம் எங்கே, எப்போது என்று தெரிந்தால் மக்கள் வருவார்கள்.

அதைச் சொல்லாமல் விடுவதுதான் முதல் தவறு. மாவட்டப் போட்டிகளின் சுவரொட்டிகளில் தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர், பரிசு வழங்குபவர் என்று முகங்கள் நிறைந்திருக்கும். எந்த அணியோடு எந்த அணி, எத்தனை மணிக்கு என்பதைத் தேட வேண்டும். போட்டி முடிந்ததும் கோப்பையோடு விருந்தினர் நிற்கும் படம் வரும். கோல் போட்ட பிள்ளையின் பெயர் வராது.

இன்னொன்று இதைவிடக் கொடுமையானது: ஒரு பிள்ளையைப் பிடித்து 'அடுத்த மெஸ்ஸி' ஆக்குவது. அமெரிக்காவின் ஃப்ரெடி அடு 2004இல் 14 வயதில் டிசி யுனைடெட் அணிக்காகக் களமிறங்கினார். 'அடுத்த பெலே' என்றார்கள். பெலேயுடனேயே விளம்பரத்திலும் நடிக்க வைத்தார்கள். பின்னர் போர்ச்சுகல், பிரான்ஸ், கிரீஸ், துருக்கி என்று அணி மாறிக்கொண்டே இருந்தார். வளர்கிற உடம்பின் மேல் ஊரார் ஆசையை ஏற்றக் கூடாது. எழுதுவதானால் அந்தப் பிள்ளை பந்தை எப்படி வாங்கித் திரும்புகிறான், யாருக்குக் கொடுக்கிறான் என்று எழுதுங்கள்.

வடசென்னை வியாசர்பாடியைப் பற்றிய செய்திகளையும் பாருங்கள். வறுமை, குற்றம், அதிலிருந்து மீட்ட கால்பந்து என்று ஒரே கதைதான். தனபால் கணேஷ், நந்தகுமார் சேகர் போன்ற கால்பந்து வீரர்களைத் தந்த பகுதி அது. அங்கே பயிற்சி எப்படி நடக்கிறது, குறுகிய இடத்தில் ஆடிப் பழகிய கால்களுக்கு என்ன கைவருகிறது என்பதை எழுத ஆளில்லை. இரக்கம் ஒரு நாள் நன்கொடை தரலாம். அடுத்த ஞாயிறும் ஆட்டம் பார்க்க வருபவரைத் தராது.

சிறுமியர் ஆட்டங்கள் செய்தியின் கடைசி வரியில் முடங்குவதும் நியாயமில்லை. 2018, 2023 ஆண்டுகளில் தேசிய மகளிர் பட்டத்தை வென்றது தமிழ்நாடு.

சின்னஞ்சிறுவர்களின் ஆட்டத்தில் 15-0 என்று பெருமையடிப்பதையும் விட்டுவிடுங்கள். தோற்ற பிள்ளைகளும் அதைப் படிப்பார்கள். இங்கிலாந்தில் 11 வயது வரையிலான பிரிவுகளுக்குப் புள்ளிப் பட்டியலே வெளியிடுவதில்லை.

படங்களில் கவனம் தேவை. அணியின் ஆட்ட நேரத்தை ஊருக்கே அறிவிக்கலாம். ஆனால் ஒரு பிள்ளையின் முகம், பள்ளி, தினசரிப் பயிற்சிக்கு வரும் நேரம் ஆகியவற்றை ஒன்றாக வெளியிடாதீர்கள். பெற்றோரின் சம்மதத்தைப் போட்டிப் பருவம் தொடங்கும்போதே எழுத்தில் வாங்கிவையுங்கள். மறுத்தவரின் பிள்ளையைக் குழுப்படத்திலும் சேர்க்காதீர்கள்.