பழைய வாட்சை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன்

சேலம் ஃபைவ் ரோடு பக்கம் ஒரு கடையில் என் மச்சான் புது ஸ்மார்ட் வாட்ச் எடுத்தார். பழையதை எக்ஸ்சேஞ்சுக்கு நீட்டினார். கடைப் பையன் வாங்கிய கையோடு ரீசெட் தட்டிவிட்டான். முந்தின ஞாயிறு அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவையும் நடந்தே ஏறிய பதிவு அதோடு போச்சு. அன்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். வந்த பிறகும் ஆப்பைத் திறக்கவில்லை. வாட்சில் இருந்தது போனுக்கு வரவே இல்லை.

பெரும்பாலும் கோளாறு இந்த அவசரத்தில்தான். ஆப்பைத் திறந்து சிங்க் செய்து, கடைசி நாள் கணக்கு போனில் தெரிகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே பழைய வாட்சில் கை வையுங்கள்.

ஆப்பிள் வாட்ச் என்றால், வாட்சிலேயே ரீசெட் செய்யாதீர்கள். ஐபோனில் உள்ள வாட்ச் ஆப் வழியாக அன்பேர் செய்தால், அதாவது இணைப்பைத் துண்டித்தால், பேக்கப் தானாகவே எடுத்துக்கொள்ளும், வாட்சை உங்கள் ஆப்பிள் கணக்கோடு பூட்டி வைக்கும் ஆக்டிவேஷன் லாக்கும் விலகும். வாட்சில் நேராக அழித்தால் அந்த லாக் அப்படியே நிற்கும்; வாங்கியவர் உங்களைத் தேடி வருவார். புது வாட்சை இணைக்கும்போது பேக்கப்பிலிருந்து மீட்கவா என்று கேட்கும். அங்கே அவசரப்பட்டுப் புதிதாகத் தொடங்கு என்பதைத் தட்டிவிடாதீர்கள். பணம் செலுத்தும் கார்டு, பாஸ்கோடு, ப்ளூடூத் ஹெட்செட் இணைப்பு மூன்றும் பேக்கப்பில் வராது. போனையும் சேர்த்து மாற்றுகிறீர்களா? கணினியில் எடுக்கும் பேக்கப்புக்குப் பாஸ்வேர்டு போட்டிருந்தால்தான் உடல்நலப் பதிவுகள் அதில் சேரும். ஐகிளவுடில் இருந்தால் கவலை இல்லை.

சாம்சங்கின் கேலக்ஸி வாட்ச் 4 முதல் வந்தவை ஐபோனோடு சேராது. ஐபோனுக்கு மாறும் யோசனை இருந்தால் முதலில் இதைக் கணக்கில் எடுங்கள்.

கம்பெனி மாற்றுவதுதான் பெரிய தலைவலி. ஒரு ஆப்பின் பழைய நடைக் கணக்கு இன்னொன்றுக்குத் தானாக வராது. ஆண்ட்ராய்டில் ஆப்புகளுக்கு இடையே உடல்நலப் பதிவுகளைப் பகிரும் ஹெல்த் கனெக்ட் பாலமாக இருக்கிறது. ஆனால் புது ஆப்புக்கு அனுமதி கொடுத்த நாளுக்கு முந்தைய 30 நாள் பதிவைத்தான் சாதாரணமாக அது படிக்கவிடும். இரண்டு வருட நடையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அதனால் பழைய ஆப்பை உடனே தூக்கிவிடாதீர்கள்.

விலை குறைந்த வாட்சுகளில் இன்னொரு தவறு நடக்கும். போனின் ப்ளூடூத் பட்டியலில் இணைத்துவிட்டு, ஆப்பில் ஏன் ஒன்றும் காட்டவில்லை என்று உட்கார்ந்திருப்போம். இணைப்பு ஆப்புக்குள்ளிருந்து தொடங்க வேண்டும், லாகின் போட்டும் இருக்க வேண்டும்.

அப்புறம், வாட்சில் இசிம் (உள்ளேயே பதிந்த சிம்) இருந்தால் அது தானாகப் புதியதற்குத் தாவாது. பழையதில் நீக்கிவிட்டு, சிம் கொடுத்த நிறுவனத்தின் வழியாகப் புதியதில் போட வேண்டும். இந்த வேலையெல்லாம் ஏற்காட்டுக்கு ஓய்வெடுக்கப் போன இடத்தில் வேண்டாம். சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் அப்டேட் பாதியில் நிற்கும். சேலத்திலேயே வீட்டு வைஃபையில் சார்ஜரில் போட்டு முடித்துவிட்டு மலை ஏறுங்கள்.