வளைந்த பார் சைக்கிள் ஒன்றைக் கண்டால் எங்கே பார்ப்பது

முதலில் தொடாதீர்கள். ஏழெட்டு அடி தள்ளி, செயின் உள்ள பக்கமாக நின்று, பார்களை மட்டும் பாருங்கள். சாதாரண சைக்கிளில் மேல்பார், கீழ்ப்பார், சீற் பார் மூன்றும் சேர்ந்து ஒரு கட்டு. அதன் பின்னால் சில்லைப் பிடித்திருக்கும் முக்கோணம். இந்த ஒழுங்கு எங்கே மாறுகிறதோ அங்கே கண்ணை நிறுத்துங்கள். அந்தக் கூடுதல் குழாய் அல்லது வளைவு எந்தப் பாரத்துக்காகப் போடப்பட்டது என்று யோசித்தால்தான் சைக்கிள் பிடிபடும். "நல்ல வடிவாயிருக்கு" என்பதை யாரும் சொல்லலாம்.

இலங்கையில் கண்ணில் படக்கூடியது டபுள் பார் சைக்கிள். 24, 26 அங்குல உயரச் சட்டத்தில் ஹாண்டில் குழாய், அதாவது ஹாண்டில் தண்டு நுழையும் முன் குழாய், நீண்டுவிடும். அப்போது முன்கட்டு முக்கோணமாக இல்லாமல் நாற்கோணமாகும். நாற்கோணம் முறுக்குக்கு இளகும், அதனால்தான் நடுவே இன்னொரு பார். அளவை மேல்பாரில் எடுக்கக்கூடாது. கிறாங் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீற் பாரின் மேல் நுனி வரை நாடா பிடியுங்கள்.

அடுத்தது ஹம்பர் என்ற ஆங்கிலச் சைக்கிள். இதில் பாரைவிட முன்போர்க்கை, அதாவது முன்சில்லைப் பிடித்திருக்கும் கவையைப் பாருங்கள்: பக்கத்துக்கு ஒரு தடித்த குழாய் இல்லாமல் இரண்டு மெல்லிய குழாய்கள் இறங்கியிருந்தால் அதுதான் பெயர்பெற்ற இரட்டைப் போர்க். செயின் வீலில் ஐந்து மனித உருவங்கள் இருக்கும். ரட்ஜ் கம்பனி என்றால் அங்கே ஒரு கை, ராலே கம்பனி என்றால் நாரைத் தலைகள். ஆனால் செயின் வீல் கழற்றி மாட்டக்கூடிய சாமான், அதை மட்டும் வைத்துப் பெயர் சூட்டாதீர்கள்.

திருகோணமலையில் ஆவலோடு பேசப்படுவது மடிக்கிற சைக்கிள். இரண்டாம் உலகப் போரில் வான்குடைப் படைக்கென்று பி.எஸ்.ஏ. கம்பனி செய்தது. சட்டம் முட்டை வடிவில் வளைந்திருக்கும். மேலும் கீழுமாக இரண்டு பிணைச்சல்கள், இரண்டிலும் கையால் திருகும் காதுள்ள நட்டுகள். பெடலுக்குப் பதிலாக உள்ளே தள்ளக்கூடிய வெறும் தண்டுதான் ஆரம்பத்தில் இருந்தது. இப்போது சாதாரண பெடல் பூட்டியிருந்தால் அதிசயமில்லை.

டென்மார்க்காரர் மிக்கேல் பெடர்சன் 1893இல் காப்புரிமை பெற்ற சைக்கிள் எல்லாவற்றிலும் விசித்திரம். மெல்லிய குழாய்கள் முழுக்க முக்கோணம் முக்கோணமாகப் பின்னப்பட்டு, சீற் ஊஞ்சல்போலத் தொங்கும். அப்படி ஒன்று மூதூர்ப் பக்கம் கிடக்கிறதென்று யாரும் சொன்னால் தாராளமாகப் போய்ப் பாருங்கள், காசோடு போகாதீர்கள்.

கதையும் முத்திரையும்

இந்த ஊரில் பழைய சைக்கிள் என்றாலே "வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனது" என்ற கதை ஒட்டிக்கொள்ளும். கடற்படைத் தளம் 1957இல்தான் கைமாறியது, சீனன்குடாவில் விமானத் தளமும் இருந்தது. ஆகவே கதை நடக்காததல்ல. ஆனாலும் சாட்சி வேண்டும். பிரித்தானியப் படைச் சாமானில் மேல்நோக்கிய அம்புக்குறி முத்திரை அடித்திருப்பார்கள். சட்ட எண்ணைச் சீற் பாரின் மேற்பகுதியிலும் கிறாங் கூட்டின் அடியிலும் தேடுங்கள். பெயின்ற் மூடியிருந்தால் சுரண்ட வேண்டாம். மெல்லிய கடதாசியை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் எழும்பும்.

பின்சில்லின் நடுவிலுள்ள ஹப்பில், அதைச் செய்த கம்பனியின் பெயர் ஸ்ரேமி ஆர்ச்சர் என்றிருந்தால் அதில் திகதியும் கிடைக்கலாம். "ஏ.டபிள்யூ 56 4" என்றால் மூன்று கியர் ஹப், 1956ஆம் ஆண்டு நான்காம் மாதம். அது சில்லுக்குத்தான் பிறப்புச் சான்று, சட்டத்துக்கல்ல. பழைய ஆங்கிலச் சைக்கிள்களில் முன்சில்லில் 32 கம்பி, பின்சில்லில் 40 கம்பி வழக்கம். இரண்டிலும் 36 எண்ணினால் பெரும்பாலும் சில்லு மாறியிருக்கிறது.

விரலும் நூலும்

இனி உரிமையாளரிடம் "ஐயா, தொட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டுக் கையை வையுங்கள். ஹாண்டில் குழாயை ஒட்டி, மேல்பாருக்கும் கீழ்ப்பாருக்கும் அடிப்பக்கத்தில் விரலை மெதுவாக இழுங்கள். கண்ணுக்குத் தெரியாத சுருக்கம் விரலுக்குத் தட்டுப்படும். தட்டுப்பட்டால் சைக்கிள் எதிலோ நேராக மோதியிருக்கிறது. போர்க்கைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்: ஹாண்டில் குழாயின் நடுக்கோட்டை ஒரு நேர்தடியால் கீழே நீட்டினால், போர்க்கின் மேற்பகுதி அந்தக் கோட்டிலேயே இறங்க வேண்டும். பின்னுக்குப் போயிருந்தால் மடிந்த போர்க்.

சட்டம் முறுகியிருக்கிறதா என்று அறிய ஒரு பாகம் (ஆறடி) மீன்பிடி நைலோன் நூல் போதாது, இரண்டு பாகம் எடுங்கள். பின்சில்லு அச்சு நுழையும் இடத்தில் ஒரு பக்கம் கட்டி, முன்னே கொண்டுபோய் ஹாண்டில் குழாயைச் சுற்றி, மறுபக்கம் அதே இடத்துக்குக் கொண்டுவந்து இறுக்குங்கள். நூல் எங்கும் முட்டக்கூடாது. இப்போது சீற் பாருக்கும் நூலுக்கும் இடையிலுள்ள வெளியை இரண்டு பக்கமும் இரும்பு அடிமட்டத்தால் அளவுங்கள். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வித்தியாசம் கைவேலையில் வருவது, விடலாம். நான்கைத் தாண்டினால் சட்டம் கோணல். மடிக்கிற சைக்கிளுக்கு இரண்டு பிணைச்சலையும் இறுக்கிவிட்டுத்தான் இந்தச் சோதனை. முன்பிறேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டும்போது பிணைச்சலில் "டக்" என்றால் அதன் ஊசி தேய்ந்துவிட்டது. அங்கே வெல்டிங் வைத்து ஆட்டத்தை நிறுத்தியிருப்பவர்களும் உண்டு. அதன் பிறகு அது மடிக்காத மடிக்கிற சைக்கிள்.

கறள்

வாடைக்காற்றுக் காலத்தில் கடல் உப்பு நிலாவெளி வீதியில் நிற்கும் எந்த இரும்பையும் விடாது. வெளியே தெரியும் கறள் பெரிய ஆபத்தில்லை. குழாய்க்குள் இருப்பதுதான் ஆள்விழுங்கி. சீற் கம்பத்தைக் கழற்றி ரோச் அடித்துப் பாருங்கள். பிறகு கம்பி நுனியில் துணி சுற்றி உள்ளே விட்டெடுங்கள். தூள் வந்தால் பரவாயில்லை, செதில் செதிலாக வந்தால் யோசியுங்கள். தண்ணீர் இறங்கித் தேங்கும் இடம் கிறாங் கூடு, ஆகவே அதன் அருகில் ஐந்து ரூபாய்க் குற்றியால் தட்டுங்கள். நல்ல குழாய் கணீரென்று பேசும், தின்னப்பட்டது மட்டமாக ஒலிக்கும். சிறு காந்தம் ஒன்றையும் பார்கள்மேல் நடத்துங்கள். பிடிவிடும் இடத்தில் பெயின்றுக்கு அடியில் பட்டி பூசியிருக்கிறது.

வளைந்த குழாயில் ஒட்டுகளைக் கூடுதலாகக் கவனியுங்கள். பழைய ஆலை வேலை பித்தளை ஒட்டு, விளிம்பு மழமழவென்றிருக்கும். புழுப்போலத் திரண்ட வெல்டிங் தெரிந்தால் பிறகு யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

துடைப்பதும் கழற்றுவதும்

தின்னர், பெற்றோல் இரண்டையும் தூர வையுங்கள். பாரில் உள்ள எழுத்தும் தங்கக் கோடும் ஒரு துடைப்பில் போய்விடும், போனது போனதுதான். இளம் சோப்புத் தண்ணீர், பழைய பருத்தித் துணி, பல் பிரஷ் போதும். குரோம் கறளுக்குச் சாப்பாட்டுப் பொதியின் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். தேசிக்காய், புளி வேண்டாம்: புளிப்பு இடுக்குக்குள் தங்கி மறுபடி கறளைக் கொண்டுவரும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். முழுக்கப் புதுப் பெயின்ற் அடிப்பதை நாங்கள் பரிந்துரைப்பதேயில்லை. இரண்டு தலைமுறைத் தேய்மானத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

கழற்றித்தான் ஆகவேண்டுமென்றால் சைக்கிளைக் கெடுப்பது கொட்டர்பின், அதாவது கிறாங்கை அச்சோடு இறுக்கும் ஆப்பு. நட்டை முழுவதும் எடுக்காமல் பின்னின் நுனிக்குச் சமமாகக் கொண்டுவந்து நிறுத்துங்கள், மரை காப்பாற்றப்படும். கிறாங்கின் அடியில் நிலத்தில் ஊன்றிய இரும்புக் குழாய்த் துண்டைத் தாங்கு கொடுத்து, கனமான சுத்தியலால் ஒரே அடி. தாங்கு இல்லாமல் பத்துச் சின்ன அடி அடித்தால் உள்ளே குண்டுகள் ஓடும் கப்பில் அவை குழி விழுத்தும். பூட்டும்போது இரண்டு பின்னின் நட்டுகளும் எதிரெதிர்ப் பக்கம் பார்க்க வேண்டும். ஒரே பக்கம் பார்த்தால் கிறாங்குகள் நேர்கோட்டில் வராது.

செயின் பக்கக் கப் இடமரை. ராலே அச்சுக் கூட்டில் அங்குலத்துக்கு 26 மரை, மற்ற ஆங்கிலச் சைக்கிள்களில் பொதுவாக 24. கடையில் கிடைக்கும் கப் முதல் இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் இறுகும். அங்கே பலவந்தம் பண்ணினால் கூட்டின் மரை போய்விடும். ராலே கிறாங்குக்கு கால் அங்குலக் குண்டு, பக்கத்துக்கு 11. மூன்று கியர் ஹப்புக்குத் தையல் மெசின் எண்ணெய் விடாமல், 20 எண் எண்ணெய் ஒரு தேக்கரண்டி விடுங்கள். கியர் நழுவினால் ஹப்பைக் குறை சொல்வதற்கு முன் கேபிளைப் பாருங்கள்: இரண்டாம் கியரில், வலப்பக்க நட்டின் துவாரத்தினூடாகத் தெரியும் சங்கிலித் தண்டின் தோள் அச்சின் நுனிக்குச் சமமாக இருக்க வேண்டும்.

படம் எடுப்பதென்றால் காலை வெயில், செயின் பக்கம், கமராவைக் கிறாங் உயரத்துக்கு இறக்கி, கிறாங்கைக் கீழ்ப்பாரின் சரிவுக்கு ஒட்டாமல் கிடையாக வைத்து எடுங்கள். வளைவு மறையாமல் விழும். உப்புவெளி மணலில் நிறுத்தி எடுத்தீர்களென்றால் வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, பருத்திச் சேலையால் மூடுங்கள். பொலித்தீன் மூடினால் உள்ளே வியர்க்கும்.